ஒரே கன்டெய்னருக்கு இரண்டு பேர்

தென்னைநார்க் கால்மிதி ஏற்றிய ஒரு கன்டெய்னருக்கு அக்கா தங்கையாக இரண்டு அசல் கப்பல் ரசீதுகள் போட்டார்கள். ஒருத்தி தொலைந்தாலும் இன்னொருத்தி போய்ச் சேரட்டும் என்று தனித்தனி கூரியரில் அனுப்பினார்கள். முதலில் போகிறவளைக் காட்டினால் சரக்கை விடுவார்கள்; அடுத்தவள் வெறும் காகிதம்.

அக்காவின் விமானம் கிளம்பவே கூடாது என்று தங்கை வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால், கப்பல் ஏஜென்ட் மேஜையில் அக்கா முத்திரை வாங்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

"வந்துட்டியா? உன் கவர் மழையில நனைஞ்சிருக்குமோன்னு பதறிக்கிட்டே இருந்தேன்டி."

தங்கை மேல் 'ரத்து' என்று எழுதி, இருவரையும் ஒரே கிளிப்பில் மாட்டினார்கள்.

"உன் விமானம் நேரத்துக்குக் கிளம்புச்சா அக்கா?" என்று தங்கை மெல்லக் கேட்டாள்.

"எங்க? ரெண்டு நாள் அசையவே இல்ல. யார் கண்ணு பட்டுச்சோ."

தங்கை அக்காவை இன்னும் ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.