புல்வெளியில் ஒரு பலகை

"அந்தப் பலகையைப் பிடுங்கி எறிஞ்சிட்டு வரட்டுமா மேடம்?" போலீஸ் அதிகாரி கர்டிஸ் காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

மேயர் வெர்னா தலையில் கைவைத்துக்கொண்டாள். "தொட்டே, உன் வேலை போயிடும். அவரு வீட்டுப் புல்வெளியில அவரு வெச்சிருக்காரு. அரசாங்கத்தைத் திட்டுற உரிமையை நம்ம அமெரிக்க அரசியல் சட்டத்தோட முதல் திருத்தமே குடுத்திருக்கு. எத்தனை தடவை சொல்றது?"

"'படகுத்துறையை மூடிய வெர்னாவுக்கா உங்கள் ஓட்டு?'ன்னு ஆளுயரத்துக்கு எழுதி வெச்சிருக்காரு. செவ்வாய்க்கிழமை தேர்தல். ஊரே நின்னு படம் எடுத்துட்டுப் போகுது!"

"தெரியும். தினமும் அதைத் தாண்டித்தானே ஆபீசுக்கு வர்றேன்."

"ஒரு வார்த்தை பேசியாவது பாக்கலாமே?"

"நீ போய்ப் பேசினா மிரட்டல்னு சொல்லுவாங்க. நான் பேசினா, அதைப் பத்தி இன்னொரு பலகை வெப்பாரு."

"உங்களுக்கு எதிரியே வேண்டாம் மேடம், அந்த அரசியல் சட்டமே போதும்!" கர்டிஸ் கதவை அறைந்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் வெர்னா காரை நிறுத்தியபோது, அந்தப் பலகை காற்றில் சாய்ந்து புல்வெளியில் மல்லாந்து கிடந்தது. தெருவில் யாருமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தூக்கி நிறுத்தி, ஒரு கல்லால் அடித்து மண்ணில் இறக்கினாள். பிறகு தன் சாவியால் வாசற்கதவைத் திறந்து கத்தினாள்.

"லைல்! உன் பலகை மறுபடியும் விழுந்து கிடக்கு. நான்தான் பிடுங்கிட்டேன்னு ஊர் பேசாதா? கட்டின பொண்டாட்டியைத் திட்டுறதையாவது உருப்படியாச் செய்யேன்!"