பிணைப் பிள்ளைகள்

ஐரோப்பாவில் ஒப்பந்தக் கையெழுத்துக்கு மரியாதை போய் வெகு நாளாயிற்று. படைக் கூட்டணி சேரும் நாடுகள், பழைய மன்னர்களைப்போல, பிள்ளைகளைப் பிணை வைத்தன. சீட்டுக் குலுக்கியதில் பாரிஸிலிருந்து தவமலரின் மகன் அகிலன் பெர்லினுக்குப் போனான். அங்கே அவனை வைத்திருந்த உர்சுலாவின் மகள் லீனா, அவனுக்கு ஈடாகத் தவமலர் வீட்டுக்கு வந்தாள். இரண்டு வருடமாக அவளுக்குத் தலை பின்னிவிட்டது தவமலர்தான்.

இன்று காலை கூட்டணி முறிந்தது. பிணைப் பிள்ளைகளைச் சிறைக்கு அள்ளிப்போக இரண்டு ஊரிலும் படையினர் இறங்கினார்கள். படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டதுமே தவமலர் உர்சுலாவை அழைத்தாள்.

“உங்கட வாசலுக்கும் வந்திட்டாங்களோ?”

“வந்துவிட்டார்கள்,” என்றது போனிலிருந்த மொழிபெயர்ப்புக் குரல்.

“திறக்காதேங்கோ. என்ர பிள்ளையக் குடுக்காதேங்கோ. நானும் உங்கட பிள்ளையக் குடுக்கமாட்டன்.”

“எதிரி மொழி, சேவை இல்லை,” என்று குரல் நின்றுபோனது. உர்சுலா ஜெர்மனில் ஏதோ கத்தினாள். சரியென்றாளா, முடியாதென்றாளா? அங்கே கதவு இடிபட்டது. இங்கேயும் இடித்தார்கள். பிறகு போனில், கனத்த மரச்சாமான் ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டு போய்க் கதவில் முட்டி நிற்கும் சத்தம் கேட்டது.

தவமலர் போனை வைத்துவிட்டு அலமாரியைப் பிடித்தாள்.

“லீனா, மற்றப் பக்கத்தைத் தள்ளு பிள்ளை.”