மணிக்கட்டு

கண்ணை மூடியவர்கள் யார் யார் என்று பார்ப்பதற்காகத்தான் படத்தைப் பெரிதாக்கினார் ஸ்டூடியோக்காரர்.

தலைமையாசிரியை கண்களைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள்.

பிளஸ் டூ பிள்ளைகளின் குரூப் போட்டோ. உயரப்படி கலந்து நிறுத்தியவள் அவள்தான். கைகளைப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னவளும் அவள்தான். அந்த நேரம் பார்த்தா அவளுக்கு மேலதிகாரியிடமிருந்து போன் வர வேண்டும்? அவள் அந்தப் பக்கம் போனதும், ஸ்டூடியோக்காரர் பழக்கதோஷத்தில், "எல்லாரும் கையக் கட்டிக்கங்கப்பா" என்றிருக்கிறார்.

நின்ற பையன்கள் கட்டிக்கொண்டார்கள். மார்பின் மேல் வரிசையாக மணிக்கட்டுகள். மணிக்கட்டுகளில் கயிறுகள்.

எந்த நிறம் எந்தச் சாதி என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். சர்க்கார் எத்தனை தடவை தடை போட்டால் என்ன, வாசலில் அவிழ்த்து வகுப்பில் கட்டிக்கொள்கிற பிள்ளைகள்.

"இந்தப் பய மட்டும் கண்ண மூடிட்டான் டீச்சர். மத்த பிள்ளேளு எல்லாம் நல்லா முழிச்சிருக்கு."

படம் நகர்ந்தது. முன்வரிசை. பெண்பிள்ளைகள். கைகள் மடியில்.

சுகப்பிரியா.

வாட்ச் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அதற்கடியில் ஒரு கயிறு.

அவள் வீட்டு நிறம் இல்லை. மற்றச் சாதியின் நிறம்.



கட்டிவிட்டவன் இதே படத்தில்தான் எங்காவது நிற்பான். தலைமையாசிரியை தேடவில்லை. தேடினால் கண்ணில் பட்டுவிடுவான்.

போன வருடம் மற்றச் சாதிப் பையன் ஒருவனின் பாட்டிலில் சுகப்பிரியா தண்ணீர் குடித்துவிட்டாள். அவ்வளவுதான். அவள் அப்பா ஆட்களோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். கூடவே அவள் அண்ணன். அவன் அந்தப் பையனின் சைக்கிளை மிதித்தே நொறுக்கினான். பையன் டி.சி. வாங்கிக்கொண்டு போனான். தண்ணீருக்கே அந்தப் பாடு.

திங்கட்கிழமை பிரிவு உபசார விழா. வீட்டுக்கு ஒரு படம் போகும்.

அந்த ஒரு கயிற்றை மட்டும் அழிக்கச் சொல்லலாம். ஸ்டூடியோக்காரருக்கு விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். எல்லாக் கயிற்றையும் அழிக்கச் சொன்னால் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வருவார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே. மறுபடி எடுக்கலாமென்றால், இந்தப் படத்துக்கு என்ன குறைச்சல் என்று ஊரே கேட்கும்.

"கலர்தானே டீச்சர்?"

"கருப்பு வெள்ளையில போட்ருங்க அண்ணாச்சி."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். பழைய படம் மாதிரி இருக்கட்டும். பிள்ளைங்க ஆசைப்படுது."

பொய் சரளமாக வந்தது. 

அவர் மவுஸை அழுத்தினார்.

நிறம் போய்விட்டது. சட்டைகள் போயின, ரிப்பன்கள் போயின, பின்னால் பூத்திருந்த கொன்றை போனது. கயிறுகள் எல்லாம் ஒரே சாம்பல். எந்தக் கை எந்தத் தெரு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட காலம் உண்டு.

மூச்சு வந்தது.

"அந்தக் கலர் படத்த அழிச்சிருங்க அண்ணாச்சி. இடத்த அடைச்சிக்கிட்டு."

அவர் கை மவுஸின் மேலேயே இருந்தது. அழிக்கவில்லை.

"இன்னொருத்தரும் இதத்தான் சொன்னாரு டீச்சர்."

"யாரு?"

"சுகப்பிரியா அண்ணன். காலைல கட தொறக்கும்போதே வந்து நிக்காரு. படத்தப் பாக்கணும்னாரு, காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தாரு. கருப்பு வெள்ளையில போட்ருங்க, கலர அழிச்சிருங்கன்னாரு. நான் வந்தத யார்ட்டயும் சொல்லாதீங்கன்னாரு. நீங்க டீச்சர்ங்கதால சொல்லுதேன்."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவன் இன்னும் எங்காவது நிற்கிறானா என்று அவள் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

பார்த்துவிட்டான். அந்தச் சைக்கிளை மிதித்தவன் பார்த்துவிட்டான். எதற்கு மறைக்கச் சொல்கிறான்? தங்கைக்காகவா? இல்லை, பின்னால் நடக்கப்போகிற ஒன்றுக்குக் காரணம் இதுதான் என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றா?

"அண்ணாச்சி."

"சொல்லுங்க டீச்சர்."

"கேக்கும்போது அவன் மொகம் எப்படி இருந்திச்சு? கோவமாவா?"

ஸ்டூடியோக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"கோவமெல்லாம் இல்ல. இப்ப நீங்க இருக்கீங்கல்லா, அப்படித்தான் இருந்தாரு."