நாக்கு மீனும் ஒரு மாப்பிள்ளையும்

"தம்பி, இது என்ன மீன்? சொல்லுங்க பாப்போம்."

ஜான்ரோஸ் நீட்டிய தட்டத்தில், செருப்பின் அடிபோலத் தட்டையாக ஒரு மீன் கிடந்தது. வீட்டாரை அழைத்து வருவதற்கு முன், பெண்ணைப் பார்க்க அருமனையிலிருந்து தனியாக வந்திருந்த ஜெபிஷ் குனிந்து பார்த்தான்.

"இதுல பாதிதானே இருக்கு. மீதி எங்க?"

ஜான்ரோஸ் இராஜாக்கமங்கலத்தில் மீன் ஏற்றுமதி செய்கிறவர். ஒரே மகள் ரெனிஷா. தனக்குப் பிறகு தொழிலைப் பார்க்க, மீன் தெரிந்த மருமகன்தான் வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். வருகிற மாப்பிள்ளைகளிடமெல்லாம் இதே மூன்று கேள்விகள்தான். இவனைப் பற்றித் தரகர் சுயம்புராஜ் சொன்னது, 'காலேஜ் வாத்தியார்' என்பது மட்டுமே.

"முழு மீன்தான் தம்பி. நாக்கு மீனு. குஞ்சுல மத்த மீன் மாதிரிதான் நீந்தும். வளர வளர ஒரு கண்ணு அடுத்த பக்கத்துக்கு ஏறிரும். பொறவு தரையில மண்ணோட மண்ணா ஒருச்சாஞ்சு கெடக்கும்."

"ஐயோ, கண்ணாஸ்பத்திரியில காட்டலியா?"

ஜான்ரோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு திருக்கை மீனை எடுத்தார். "செரி, இதுக்கு வாய் எங்க?"

ஜெபிஷ் கண்ணுக்குப் பின்னால் இருந்த ஓட்டையைத் தொட்டுக் காட்டினான்.

"அது மூச்சு விடுத ஓட்டை! வாய் அடியில இருக்கு. தரையில கெடக்க நண்டைத் தின்னணும்லா? போட்டும், இது முட்டை போடுமா, குட்டி போடுமா?"

"றெக்கை இருக்கே, முட்டைதான். கூடு எங்க கட்டும்?"

"குட்டி போடும்! நீங்க காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க தம்பி."

அவன் போனதும் ஜான்ரோஸ் உள்ளே போனார். ரெனிஷா துப்பட்டாவில் முகத்தைப் புதைத்திருந்தாள். தோள்கள் குலுங்கின. அவருக்கு மனசு இளகிவிட்டது.

"அழாத மக்கா. கடலுக்க வாசமே தெரியாதவனுக்கு உன்னைக் குடுக்க மாட்டேன்."

சாயங்காலம் சுயம்புராஜ் போனில் கத்தினார். "என்னவே, மாப்பிள்ளைக்கு மீன் தெரியலன்னு அனுப்பிட்டீராமே? கடலுக்கடியில தரையோட கெடக்க மீனுவளப் பத்தி ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்குன ஆளுவே அது!"

ஜான்ரோஸ் மகளைத் தேடினார். மேசைமேல் கிடந்த அவளுடைய போன் மினுங்கியது.

'சிஸ்டர், நீங்க அனுப்பின மூணு தப்புப் பதிலையும் அப்படியே சொல்லிட்டேன். கண்ணாஸ்பத்திரியும் கூடு கட்டுறதும் மட்டும் என் சொந்தச் சரக்கு. உங்க லிபினைக் கேட்டதாச் சொல்லுங்க.'