மாப்பிள்ளைக்குக் கறுப்பு சூட்

"கார்டுல இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றாள் டோருவின் அம்மா ஃப்ளோரிகா, கல்யாணத் துணிக்கடை வாசலில்.

"எழுநூறு லெய், அத்தை. பதினெட்டாயிரம் அவன் வைத்தியத்துக்குப் போயிடுச்சு."

"போதும். மாப்பிள்ளை பழைய கோட்டோடயா இருப்பான்?"

மூன்று வருடமாக டோருவும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். கல்யாணப் பேச்சை எடுத்தாலே, "முதல்ல உன் படிப்புக் கடனை அடைக்கிறேன், வியோரிகா. அப்புறம்தான் மோதிரம்" என்பான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். வட்டியைப் பார்த்தால், எழுபது வயதில்தான் எனக்கு மோதிரம் என்று தெரிந்தது.

கடைக்காரர் கறுப்பு சூட்டை எடுத்துக் கார்டைத் தேய்த்தார். எழுநூறும் போனது.

"தோள் சரியா இருக்கான்னு மாப்பிள்ளையைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"வேண்டாம்," என்றாள் அத்தை. "கோட்டோட முதுகைக் கிழிச்சுத்தான் போடணும். நாளைக்கு அடக்கம். கல்யாணமாகாம போன பிள்ளையை நம்ம வழக்கப்படி மாப்பிள்ளையாத்தானே அனுப்பணும்?"

கடைக்காரர் தலைகுனிந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

அத்தை என் கையைப் பிடித்தாள். "நீதான்மா மணப்பெண். வெள்ளை கவுன் போட்டுக்கிட்டுப் பெட்டி பக்கத்துல நடந்து வரணும்."

"கவுனுக்குக் காசில்லை, அத்தை."

"பரவாயில்லம்மா," என்றார் கடைக்காரர். "தவணையில எடுத்துக்கோ."

கையெழுத்துப் போட்டேன்.