பத்தடி தள்ளி

கொட்டகையின் கதவுகள் அகலத் திறந்திருந்தன. உள்ளே, காரின் பின்னால் மாட்டி ஊர் ஊராக இழுத்துப்போகும் குட்டி மர வீட்டின் இடுக்குகளில் கணவர் எபாக்சி என்ற ரசாயனப் பட்டியைப் பூசிக்கொண்டிருந்தார். மனைவி பத்தடி தள்ளி முற்றத்தில் நின்றாள்.

“கையுறை?”

“போட்டாச்சு.”

“முகமூடி?”

“இல்லேன்னா குரல் இப்படியா வரும்?”

“கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க. மொத்தமா கலந்தா கிண்ணமே சூடாகிப் புகையும்.”

பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “வேலை செய்யறவர நிம்மதியா விட மாட்டாங்க போல.”

கணவர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். “இது மொத்தமும் அவ வேலை சார். மூணு வருஷமா ஒவ்வொரு பலகையும் அவளே அறுத்து இழைச்சது. எனக்கு ஆணிகூட நேரா அடிக்க வராது. வெறுங்கையால பட்டி பூசிப் பூசி, அவளுக்கு இப்போ இது ஒத்துக்கறதில்ல. கிட்டப் போனாலே முகம் வீங்கிடுது.”

அவள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கதவோரம் சமமா வந்திருக்கா?”

“வந்திருக்கு.”

“எப்போ தொடலாம்?”

“நல்லாக் காயணும். நான் தேய்ச்சுத் தூசியெல்லாம் துடைச்சு பெயிண்ட் அடிச்சிடறேன். அப்புறம் நீதான் முதல்ல ஏறணும்.”

அவள் தலையசைத்தாள். நின்ற இடத்திலிருந்தே அவள் உள்ளங்கை காற்றில் ஒரு பலகையை மெல்லத் தடவியது.