சுத்த ரத்தம்

"இவளை வெட்டுற கத்தியாலயே என் கண்ணையும் வெட்டுவீங்களா?"

ஹாஜி ரிஃபாத்தின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. தன்தா நகரத்தில் இருக்கும் கண் ஆஸ்பத்திரி அது. புரை எடுப்பதற்கு முன்னால் எல்லாருக்கும் ரத்தம் பார்ப்பார்கள். ஈரலைத் தின்னும் 'வைரஸ் சி' இருந்தால் கடைசியில்தான் ஆபரேஷன்.

இன்று கடைசிப் பெயர் சனிய்யா. கடைசி என்றாலே காரணம் என்னவென்று கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். கறுப்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

"அவங்களுக்குக் கத்தி தனி, ஹாஜி. உங்களுக்கு அப்புறம்தான் அவங்க" என்றாள் நர்ஸ் இன்சாஃப்.

"அதெல்லாம் வேணாம். இன்னைக்கு இவ பேரை அடி. இங்க டைரக்டர் யாரு தெரியுமில்ல? என் மச்சான்."

"ஒரு கண்ணு ஏற்கெனவே போயிடுச்சுங்க. இதையாவது..." என்றாள் சனிய்யா.

"போகாம? கால்வாய்லயே துவைக்கிறது, அதுலயே குளிக்கிறது. பட்டிக்காட்டு அழுக்கு!"

"இது கால்வாய்ல வர்றதில்ல, ஹாஜி. ரத்தத்துல..." என்றாள் இன்சாஃப்.

"எனக்கே பாடமா? கிராமம் கிராமமாப் போய் பில்ஹார்சியாப் புழு நோய்க்கு ஊசி போட்டவன்மா நான். ஒண்ணுக்குல ரத்தம் போயி துடிச்ச பிள்ளைங்களை நிமித்தி விட்டவன். ஒரு பள்ளிக்கூடத்தையே டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருவேன்."

"அத்தனை பேருக்கும் ஊசி ஏது?"

"ஊசி ஒண்ணுதான். பஞ்சால ஒரு துடை, அடுத்த கை. அந்தக் கைவேகம் இப்ப எவனுக்கு வரும்?"

பீற்றிக்கொண்டு சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை.

"கஃப்ர் நஜ்ஜார் பள்ளிக்கூடத்துலயும் நீங்கதான் போட்டீங்களா?" என்றாள் சனிய்யா.

"அங்க நானேதான். ஏன்?"

சனிய்யா தன் முழங்கை மடிப்பைத் தடவிக்கொண்டாள். இன்சாஃப் அவள் முகவாயை நிமிர்த்தி, ஆபரேஷனுக்கு முன் விடும் சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டாள்.

"ஏய், பேரை அடிக்கலையா? மச்சான்கிட்ட சொல்லவா?"

"சொல்லுங்க ஹாஜி. ஊசிக் கதையையும் சேர்த்தே சொல்லுங்க" என்றாள் இன்சாஃப்.

ரிஃபாத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் வீம்பு விடுமா?

"ஊசியாலதான் வந்துச்சுன்னா முதல்ல எனக்கில்ல வந்திருக்கணும்? என் ரத்தத்துல ஒண்ணுமில்லையே!"

மருந்து எரிந்ததில் கண்ணை மூடியபடியே சனிய்யா சொன்னாள்.

"உங்களுக்கு எப்படி வரும், ஹாஜி? நீங்க ஊசியைப் பிடிச்சிருந்தீங்க. கையை நீட்டிக்கிட்டு நின்னது நாங்கதானே."